மைண்ட்ஃபுல்னெஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நிமிடத்தில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி செய்யும் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். பயிற்சியின்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. முடிந்து கிளம்பும் நேரத்தில், கதவருகே நின்றுகொண்டுதான் உண்மையான சந்தேகங்கள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் 'இந்த நிமிஷத்தில் இரு' என்கிறார்கள். சரி, அதற்கு என்னதான் செய்யணும்?

முதுகு ஓரளவு நிமிர்ந்திருக்கும்படி உட்காருங்கள். மூச்சு உடம்பில் எந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று பாருங்கள். சிலருக்கு மூக்கு நுனியில் காற்று உரசுவது தெரியும், சிலருக்கு வயிறு ஏறி இறங்குவது. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து நீட்டி எதுவும் செய்யாமல், அது வந்து போவதை அங்கேயே உணருங்கள். நாலைந்து மூச்சுக்குள் மனம் வேறெங்கோ போயிருக்கும்: காலையில் அனுப்ப மறந்த மின்னஞ்சல், நேற்று யாரோ சொன்ன ஒரு சொல். போனது தெரிந்ததும் 'யோசனை' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். மறுபடி போகும், மறுபடி திரும்புங்கள். அவ்வளவுதான் பயிற்சி.

இதையே மற்ற வேலைகளிலும் செய்யலாம். குளிக்கும்போது தோளில் தண்ணீர் விழுவதை உணர்வது, படி ஏறும்போது தொடை இறுகுவதை உணர்வது, ஒருவர் பேசும்போது அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று தயாரிக்காமல் கேட்பது. நடப்பதை நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று உடனே முத்திரை குத்தாமல் தெரிந்துகொள்ளும் பழக்கம் என்று சொல்லலாம்.

உட்கார்ந்தால் மனசு ஒரு நொடி நிற்க மாட்டேங்குது. எனக்கெல்லாம் இது வராதுன்னு நினைக்கிறேன்.

யாருக்குத்தான் நிற்கிறது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் பல நேரங்களில் 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது' என்று கேட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் செய்கிற காரியத்தில் இல்லை. இது சாதாரண நாளின் கணக்கு. கண்ணை மூடி உட்கார்ந்ததும் மட்டும் அது அடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடக்கப் பார்த்தாலும் நடக்காது. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது. பத்து நிமிடத்தில் முப்பது தடவை மனம் ஓடி, முப்பது தடவையும் நீங்கள் கவனித்துத் திரும்பினால், அன்றைக்கு நல்ல பயிற்சி. ஓடியதே தெரியாமல் பயிற்சி முடியும் மணி அடித்துவிட்டாலும் பரவாயில்லை, மணி அடித்ததும் தெரிந்ததல்லவா, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்? எத்தனை நாளில் பலன் தெரியும்?

இன்று பரவலாக உள்ள வடிவத்தை 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கினார். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு, இடையில் ஒரு முழுநாள் பயிற்சி, வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் 45 நிமிடம். ஆய்வுகளில் படிக்கும் பலன்களில் பலவும் இதுபோன்ற எட்டு வாரப் பயிற்சியில் இருந்தவர்களுடையவை. 'மூன்றே நிமிடத்தில் மன அமைதி' என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அதற்காக முதல் நாளே 45 நிமிடம் உட்காராதீர்கள். அப்படி ஆரம்பித்தவர்கள் இரண்டாம் வாரமே காணாமல் போவதைப் பார்க்கிறேன். பத்து நிமிடம் போதும், தினமும் செய்கிற ஏதாவது ஒரு காரியத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், பல் துலக்கியதும் என்பது போல. பலனை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தேடாதீர்கள். ஒருநாள் வாக்குவாதத்தின் நடுவில் 'என் குரல் உயருது' என்று உங்களுக்கே தெரியும். பல சமயம் வீட்டில் இருப்பவர்கள் அதை உங்களுக்கு முன்னாலேயே கவனித்துவிடுவார்கள்.

சம்மணம் போட்டு, கண்ணை மூடித்தான் உட்காரணுமா?

வேண்டியதில்லை. நாற்காலி போதும். கண்ணை மூடினால் சங்கடமாக இருந்தால் பாதி திறந்து தரையில் ஓரிடத்தைப் பாருங்கள். நடந்துகொண்டும் செய்யலாம்: குதிகால் படுவது, பாதம் அழுந்துவது, விரல்கள் எழும்புவது என்று ஒவ்வொரு அடியாக.

உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷமே தூங்கிடறேன்.

அப்படியென்றால் முதலில் ராத்திரித் தூக்கம் போதுமா என்று பாருங்கள். போதவில்லை என்றால் உடம்பு கேட்பது தூக்கத்தை, தியானத்தை இல்லை. நன்றாகத் தூங்கியும் கண் சொருகினால் நின்றோ நடந்தோ செய்யுங்கள்.

இது புத்த மதப் பயிற்சியா? நான் வேறு நம்பிக்கை உள்ளவள், செய்யலாமா?

வேர் பௌத்தத்தில்தான் இருக்கிறது. மூச்சைக் கவனிப்பது பற்றி பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த உரைகள் விரிவாகவே பேசுகின்றன. மருத்துவமனைகளிலும் வகுப்புகளிலும் சொல்லித்தருவது அதிலிருந்து சடங்கையும் நம்பிக்கையையும் எடுத்துவிட்டு, கவனப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்ட வடிவம். எங்கள் குழுவில் தினமும் பிரார்த்தனை செய்பவர்களும் உண்டு, கடவுளே இல்லை என்பவர்களும் உண்டு. மூச்சு இருவருக்கும் ஒன்றுதான். பௌத்தர்கள் சிலருக்கு, அறநெறியை விட்டுவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்களே என்ற வருத்தம் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆப் வைத்துச் செய்தால் போதுமா?

ஆரம்பிக்கப் போதும். மணி அடிக்கவும், முதல் சில வாரம் ஒரு குரல் வழிகாட்டவும் உதவும். 'தொடர்ந்து இத்தனை நாள்' என்ற எண்ணிக்கையை அணைத்து வையுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் அந்த எண் பூஜ்யமாவதைப் பார்த்தே நிறுத்தியவர்கள் உண்டு.

கோபம் வரும்போது மூச்சைப் பார்க்க யாருக்குங்க நேரம் இருக்கு?

கோபத்தின் நடுவில் முதன்முதலாக மூச்சைத் தேடினால் கிடைக்காதுதான். சும்மா இருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும் மேலாளர் 'இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதா?' என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படித்த அரை நொடியில் காது சூடாகிறது, தாடை இறுகுகிறது, மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறது, கட்டைவிரல் அதற்குள் பதிலைத் தட்ட ஆரம்பித்திருக்கிறது. பழகப் பழக இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். எனக்குத் தாடை. தெரிந்ததும் இரண்டு பாதமும் தரையில் படுவதை உணருங்கள். உள்ளே இழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அப்புறம் உள்ளே இருப்பதற்கு ஒரு பெயர் வையுங்கள். 'கோபம்' என்று முதலில் வரும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அது 'அவமானம்' என்று தெரியலாம். பெயர் வைப்பது வெறும் சமாதானம் என்று நினைக்காதீர்கள். உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஸ்கேன் வழியாகக் காட்டியது.

இதற்கெல்லாம் பத்து நொடி ஆகலாம். அப்புறம் பதில் அனுப்புங்கள், தேவையென்றால் கடுமையாகவே அனுப்புங்கள். கோபப்படவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

படுத்தால் போதும், நாளைய கவலை எல்லாம் வரிசை கட்டி வருது. தூங்கறதுக்கு இதைச் செய்யலாமா?

செய்யலாம், ஒரு சிக்கல் உண்டு. 'இதைச் செய்தால் தூக்கம் வரணும்' என்று செய்தால், வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டே விழித்திருப்பீர்கள். படுத்தபடி கால் கட்டைவிரலில் ஆரம்பித்து, பாதம், கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொரு இடமாக அங்கே என்ன தெரிகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டு மேலே வாருங்கள். தூக்கம் வந்தால் சரி, வராவிட்டால் படுக்கையில் ஓய்வெடுத்ததாக இருக்கட்டும். கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நாளை செய்ய வேண்டிய ஒரு காரியத்தைக் குறித்து வைப்பதும் உதவும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறு ஏதாவது செய்துவிட்டு வாருங்கள்.

வாரத்தில் மூன்று இரவாவது இப்படி, மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கென்றே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை) இருக்கிறது. மாத்திரைக்கும் முன்னால் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு வேலை போய்விட்டது, கடன் இருக்கிறது. மூச்சைப் பார்த்தால் கடன் அடையுமா?

அடையாது. இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேலை தேடுவது, கடன் கொடுத்தவரிடம் பேசுவது, உதவி கேட்பது எல்லாவற்றையும் நீங்கள்தான் செய்தாக வேண்டும். அவற்றைத் தள்ளிப்போடும் இடத்தில்தான் பயிற்சிக்கு வேலை. வங்கியிலிருந்து வந்த கடிதம் பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைகிறது. உடனே கை கைபேசிக்குப் போகிறது, ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. அந்தப் பிசைவை விரட்டாமல் ஒரு நிமிடம் அப்படியே உணர்ந்தால், அது தாங்க முடியாத அளவுக்கு இல்லை என்பது பெரும்பாலும் தெரியவரும். அதன் பிறகு கடிதத்தைப் பிரிக்க முடிகிறது. உள்ளே இருக்கும் தொகை மாறியிருக்காது, கடைசித் தேதியாவது தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மன அழுத்தத்துக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே குறைய வேண்டியது வேலைப்பளு. வகுப்புக்குப் போங்கள், அதோடு அதையும் கேளுங்கள்.

'ஏற்றுக்கொள்' என்றால் எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு போ என்றுதானே அர்த்தம்?

ஏற்றுக்கொள்ளச் சொல்வது இப்போது இருப்பதை: 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'இவர் என்னை அடித்தார்', 'இந்த வேலை என்னை நோகடிக்கிறது'. இருப்பது தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். வீட்டில் அடி, மிரட்டல், அவமதிப்பு நடக்கிறது என்றால், அதைச் சகித்துக்கொள்ள ஒரு உத்தியாக இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தாதீர்கள். பாதுகாப்பான இடமும் நம்பகமான ஆளும் முதலில்.

பல வருஷமா முதுகுவலி. வலியைக் கவனித்தால் இன்னும் அதிகமாகாதா?

முதல் சில நாள் கூடியது போலத் தோன்றலாம், இத்தனை நாள் பார்க்காமல் தள்ளி வைத்ததைப் பார்ப்பதால். மேலே சொன்ன 1979ஆம் ஆண்டு வகுப்புக்கு முதலில் வந்தவர்களில் பலர் மருத்துவத்தால் முழுதாகத் தீராத நாள்பட்ட வலியோடு இருந்தவர்கள்தான். அவர்களுக்காகவே உருவான பயிற்சி என்றுகூடச் சொல்லலாம்.

ஒருவன் மேல் ஓர் அம்பு பாய்ந்ததும், அதை நினைத்துப் புலம்பி இரண்டாவது அம்பையும் வாங்கிக்கொள்கிறான் என்று புத்தர் சொன்னதாக ஓர் உரை உண்டு. முதுகில் 'வலி' என்று மொத்தமாக இருப்பதைக் கிட்டத்தில் பாருங்கள். எரிச்சலா, குத்தலா, இழுப்பா? அதன் ஓரம் எங்கே முடிகிறது? மூச்சுக்கு மூச்சு மாறுகிறதா? கூடவே ஓடும் பேச்சையும் கவனியுங்கள்: 'இது போகவே போகாது', 'நான் யாருக்கும் உபயோகமில்லை'. முதலாவது முதுகில் இருக்கிறது, இரண்டாவது எண்ணத்தில். வலியின் அளவு அப்படியே இருந்தும், அந்த இரண்டாவது தணிந்ததும் அன்றைய பொழுதை நடத்த முடிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. தாங்க முடியாமல் போனால் கவனத்தைக் கைவிரல்களுக்கோ வெளிச் சத்தத்துக்கோ மாற்றுங்கள், வீரம் காட்ட வேண்டாம். புதிதாக வந்த வலி, காலில் மரத்துப்போதல், பலவீனம் என்றால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றது.

பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கிறேன். கெட்ட செய்தியாக இருந்தால்னு நினைச்சு நினைச்சு ஒண்ணும் ஓடல.

இந்த நாட்களில் நீண்ட நேரம் உட்கார முயல வேண்டாம். மனம் 'இருந்தால்' என்று ஆரம்பிப்பதை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். 'இருந்தால்' வந்துவிட்டது என்று தெரிந்ததும் கையில் இருக்கும் பொருளின் சூடு, எடை, வழவழப்பு ஏதாவது ஒன்றுக்கு வாருங்கள். மணிக்குப் பத்து தடவை செய்ய வேண்டியிருக்கும், செய்யுங்கள். முடிவு வாங்கப் போகும்போது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு, கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். அதிர்ச்சியில் டாக்டர் சொல்வதில் பாதி காதில் விழாது, எவ்வளவு பயிற்சி செய்தவருக்கும்.

அம்மா போய் மூணு மாசம் ஆகுது. கண்ணை மூடினாலே அழுகைதான். நிறுத்திடவா?

அழுகை வந்தால் பயிற்சி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நாள் முழுக்க வேலையும் மனிதர்களும் மூடி வைத்திருந்தது, சும்மா உட்கார்ந்ததும் வெளியே வருகிறது. நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அழுகை வரும்போது தொண்டையில் என்ன ஆகிறது, கண்ணோரம் எப்படிச் சூடாகிறது என்று கூடவே இருங்கள். அடக்கவும் வேண்டாம், இழுத்து நீட்டவும் வேண்டாம். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாகவே ஓயும், அப்புறம் மறுபடி வரும்.

அதோடு கலந்து வருவது இன்னொன்று: 'ஒரு வாரம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா...' போன கேள்வியில் சொன்ன அதே 'இருந்தால்', இங்கே பின்னோக்கி ஓடுகிறது. துக்கத்துக்கு இடம் கொடுங்கள். இந்த விசாரணையை 'யோசனை' என்று குறித்துவிட்டு, மடியில் இருக்கும் கைகளுக்குத் திரும்புங்கள். தனியாக உட்கார்வதே துணையாகிவிடக் கூடாது, அம்மாவைத் தெரிந்த யாரிடமாவது அவரைப் பற்றிப் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வேலையே நடக்காத அளவுக்குத் துக்கம் அழுத்தினால், உலக சுகாதார நிறுவனமே அதைத் தனியாகச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக வகைப்படுத்தியிருக்கிறது. உதவி தேடத் தயங்காதீர்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். இதை ஒழுங்காகச் செய்தால் மாத்திரையை விட்டுடலாமா?

நீங்களாக விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பே தொந்தரவு கொடுக்கும், நோயும் திரும்பலாம். குறைப்பதா வேண்டாமா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

ஆய்வுகள் நல்ல சேதிதான் சொல்கின்றன, அளவோடு. 2014இல் தியானப் பயிற்சி பற்றிய 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை. 2022இல் வந்த ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வார வகுப்புக்கும் மற்றவர்கள் எசிடலோபிராம் மாத்திரைக்கும் பிரிக்கப்பட்டார்கள். எட்டு வார முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. கவனியுங்கள், மருத்துவர் மேற்பார்வையில், முறையான வகுப்பில் நடந்தது அது. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காகவே ஸிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் மைண்ட்ஃபுல்னெஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்து தேறியவர்களுக்கு அதை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2004இலேயே பரிந்துரைத்தது. மனச்சோர்வின் உச்சத்தில் இருக்கும்போது தனியே உட்கார்ந்து மனதைப் பார்ப்பது வேறு விஷயம், அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவ உதவிக்குப் போங்கள்.

எனக்கு இது படபடப்பைக் கூட்டுகிறது. பழைய சம்பவம் ஒன்று படம் மாதிரி ஓட ஆரம்பிக்குது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரணுமா?

வேண்டாம், நிறுத்துங்கள். வலிக்கான பதிலில் சொன்ன 'கிட்டத்தில் பார்ப்பது' இதற்குப் பொருந்தாது. கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுந்து நடங்கள், சுவரைக் கையால் அழுத்துங்கள். தியானத்தால் சிலருக்குப் பயமும் பதற்றமும், உடம்பிலிருந்து விலகி நிற்பது போன்ற உணர்வும் வருவதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் என்ற உளவியலாளரின் குழு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூச்சே தொந்தரவாக இருக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பாதத்தையோ வெளிச் சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம், ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பழைய வன்முறை, விபத்து, துன்புறுத்தல் பின்னால் இருந்தால், அதில் பயிற்சி பெற்ற மனநல நிபுணரோடு சேர்ந்து செய்யுங்கள். 'தாக்குப்பிடித்தால் சரியாகிவிடும்' என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

விருப்பமிருந்தால், விளையாட்டாக. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: பள்ளியில் எல்லாருக்கும் பொதுவாக நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை, அது ஆச்சரியமும் இல்லை. பிள்ளை பேசும்போது நீங்கள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், அதில் ஆரம்பிக்கலாம்.

ரெண்டு வருஷமா செய்கிறேன். இப்போது எதற்கும் அசைவதில்லை. ஆனால் மனைவி 'உனக்கு ஒண்ணுமே தோணலையா' என்கிறாள். இது முன்னேற்றமா?

மனைவி சொல்வதைக் கேளுங்கள். பதறாமல் இருப்பதும் ஒட்டாமல் இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். அவர் அழும்போது உங்கள் நெஞ்சில் ஏதாவது அசைகிறதா, இல்லை, அவர் வாயைத் திறந்ததுமே மூச்சுக்குள் போய்விடுகிறீர்களா? இரண்டாவது என்றால், வங்கிக் கடிதத்தைப் பார்த்ததும் கைபேசியை எடுத்தவர் செய்த அதே காரியத்தை நீங்கள் மூச்சை வைத்துச் செய்கிறீர்கள்.

கொஞ்ச நாளைக்கு உட்காரும் நேரத்தைப் பாதியாக்கி, மீதியை அவர் பேசும்போது செலவழியுங்கள். அவர் முகத்தைப் பார்த்து, உங்கள் உடம்பில் வருவதையும் உணர்ந்து, அதைச் சொல்லியும் விடுங்கள்: 'நீ சொன்னது கஷ்டமா இருக்கு', 'எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல'. அவரிடம் மட்டுமில்லாமல் பாட்டு, நண்பர்கள், பிடித்த வேலை எதிலுமே எதுவும் தோன்றவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால், அது தியானத்தின் பலனாக இருக்க வேண்டியதில்லை. மனச்சோர்வும் இப்படித்தான் இருக்கும். மாத்திரை பற்றிய கேள்வியில் சொன்னபடி மருத்துவரைப் பாருங்கள், தியானம் செய்வதையும் அவரிடம் சொல்லுங்கள்.